ஜப்பானியரை அழவைத்த பாட்டுகள்

1982-ஆம் ஆண்டில் நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுதிக் காப்பாளரிடம் பழைய வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. இரவு உணவு முடிந்ததும் அதைச் சூழ்ந்து அமர்ந்து, சிற்றலை முள்ளை மெல்ல மெல்லத் திருப்பித் தூரதேசத்து நிலையங்களைத் தேடுவது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அப்படித் தேடிய ஓர் இரவில், இரைச்சலுக்கு நடுவே ஓர் இளைஞனின் குரல் மிதந்து வந்தது. மொழி புரியவில்லை, ஆயினும் நடை துள்ளலாக இருந்தது. இடையே பாடகன் பாடுவதை விட்டுச் சீழ்க்கை அடித்தான். நாங்களும் உடன் அடித்தோம். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் 'சுக்கியாக்கி' என்றார். அது அந்தப் பாடகனுடைய காதலியின் பெயராகத்தான் இருக்கவேண்டும் என்று நாங்கள் ஒருமனதாகத் தீர்மானித்துக்கொண்டோம்.

நேயர்களே, சுக்கியாக்கி என்பது பெண்ணின் பெயரன்று. மாட்டிறைச்சியையும் காய்கறிகளையும் ஒன்றாக வேகவைத்து உண்ணும் ஜப்பானிய உணவு ஒன்றின் பெயர். அந்தப் பாட்டை அயல்நாட்டில் விற்க முற்பட்ட ஆங்கிலேய இசைத்தட்டுக்காரர்கள், அதன் உண்மைத் தலைப்பு தங்கள் மக்களின் நாவில் நுழையாது என்று கருதி, தாங்கள் அறிந்த ஜப்பானியச் சொல் ஒன்றை எடுத்து அதற்குச் சூட்டிவிட்டார்கள். நம் நாட்டு ஒப்பாரி ஒன்றை வெளிநாட்டார் எடுத்துப்போய்ச் 'சாம்பார்' என்று பெயரிட்டு விற்றால் நமக்கு எப்படியிருக்கும்!

ஒப்பாரி என்று நான் சொன்னது வெறும் வேடிக்கைக்கன்று. அந்தப் பாட்டின் உண்மைத் தலைப்புக்கு 'மேல்நோக்கி நடப்போம்' என்று பொருள். ஏன் மேல்நோக்கி நடக்கவேண்டும்? தலை குனிந்தால் கண்ணீர் சிந்திவிடும் என்பதற்காக. தனித்து நடக்கும் ஒருவன் தன் அழுகையைத் தானே தடுத்துக்கொள்ளும் பாட்டு அது. நாங்கள் அன்றிரவு சீழ்க்கையடித்து மகிழ்ந்தது ஒருவனுடைய கண்ணீரைக் கேட்டுத்தான்.

இதையெல்லாம் எனக்குப் பிற்காலத்தில் விளங்கவைத்தவன் என் பழைய மாணவன் ஒருவன். பொறியாளனாக ஜப்பானுக்குச் சென்று, அங்கேயே குடும்பத்தோடு வாழ்கிறான். நான் ஓய்வுபெற்றபின் அவனுக்கும் எனக்கும் கடிதப் போக்குவரத்து மிகுந்தது. அந்நாட்டில் மக்களைக் கண்ணீர் விடச்செய்யும் பாட்டுகள் எவை என்று அவனிடம் கேட்டேன். அவன் அனுப்பிய பாட்டுகளைக் கேட்டும், அவற்றின் வரலாற்றைத் தேடிப் படித்தும் நான் அறிந்தவற்றில் சிலவற்றை இங்கே கூறுகிறேன்.

முதலில் அந்தச் சீழ்க்கைப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1960-ஆம் ஆண்டு, அமெரிக்காவோடு செய்திருந்த பாதுகாப்பு உடன்படிக்கையைத் திருத்திப் புதுப்பிக்க ஜப்பானிய அரசு முற்பட்டது. அதை எதிர்த்து மாணவரும் தொழிலாளரும் இலட்சக்கணக்கில் டோக்கியோவின் தெருக்களில் திரண்டார்கள். ஜூன் 15-ஆம் நாள் நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். நான்கு நாள்களில் உடன்படிக்கை நிறைவேறிவிட்டது. அந்தக் கிளர்ச்சியில் கலந்துகொண்டு மனம் சோர்ந்தவர்களுள் எய் ரொக்குசுகே என்ற எழுத்தாளரும் ஒருவர். அந்தத் தோல்வியின் கசப்பே அவரை இப்பாட்டை எழுதத் தூண்டியது என்பார்கள். ஆனால் பாட்டில் அரசியல் ஒரு சொல்லும் இல்லை. நக்கமுரா ஹச்சிதாய் மெட்டமைக்க, 1961-ஆம் ஆண்டு, இருபது வயதும் நிரம்பாத சக்கமோட்டோ கியூ என்ற இளைஞர் அதைப் பாடினார். 1963-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாளிட்ட அமெரிக்கப் பாடல் வரிசையில் அது முதலிடத்தைப் பிடித்தது. மூன்று வாரம் அங்கேயே நின்றது. எந்த உடன்படிக்கையின் வருத்தத்தில் பிறந்ததோ, அந்த உடன்படிக்கையின் மறுதரப்பு நாட்டிலேயே, மாணவி இறந்து சரியாக மூன்று ஆண்டு நிறைந்த தேதியில்! இதை யாரும் திட்டமிடவில்லை. வரலாற்றுக்கு இப்படிப்பட்ட குறும்புகள் உண்டு.

பின்னர் 1985-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், டோக்கியோவிலிருந்து ஒசாக்காவுக்குப் புறப்பட்ட பெரிய விமானம் ஒன்று மலையில் மோதிச் சிதறியது. அதில் இருந்த 524 பேரில் 520 பேர் மாண்டார்கள். மாண்டவர்களுள் சக்கமோட்டோ கியூவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 43. நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பள்ளி நூலகத்தில் நாளிதழில் அச்செய்தியைப் படித்தேன். ஆனால் என் விடுதி இரவின் குரலும் அந்தப் பெயரும் ஒன்றே என்பது எனக்குத் தெரியாது. ஜப்பானியர்களுக்கோ அன்று முதல் அந்தப் பாட்டு வேறாகிவிட்டது. மெட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. சீழ்க்கையும் அதே சீழ்க்கைதான். கேட்பவன்தான் மாறிவிட்டான்.

இங்கேதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. கண்ணீர் பாட்டில் இருக்கிறதா, கேட்பவனிடத்தில் இருக்கிறதா? சோகத்துக்கென்று தனி இராகங்கள் உண்டு என்று நாம் நம்புகிறோம். சிவரஞ்சனியைத் தொடங்கிய உடனேயே நம் நெஞ்சம் கரைவதற்கு ஆயத்தமாகிவிடுகிறது. ஜப்பானியரிடமும் அதற்கு நெருங்கிய உறவான சுரவரிசை ஒன்று உண்டு. சிவரஞ்சனியின் தைவதத்தை மட்டும் ஒரு படி தாழ்த்திப் பாடினால் அது வந்துவிடும். பிரிவுத் துயர் பாடும் 'எங்கா' என்ற வகைப் பாட்டுகள் பல அதில் அமைந்தவை. எங்கா என்ற சொல்லே முதலில் 'பேச்சுப் பாட்டு' என்று பொருள்பட்டது என்பதை நான் சுவைத்துப் படித்தேன். 1880-களில் மக்களாட்சி உரிமை கேட்டவர்களின் மேடைப் பேச்சை அரசு நெருக்கியபோது, அவர்கள் தம் பேச்சைப் பாட்டாக்கித் தெருவில் பாடினார்கள். அதுவே பின்னாளில் காதலும் மதுவும் கண்ணீருமாக உருமாறிற்று. அது கிடக்கட்டும். ஜப்பானியரின் கண்களை மிகுதியும் நனைத்த பாட்டுகளில் பல இந்தச் சோகச் சுரவரிசையில் இல்லை. நம் மோகனத்தில் இருக்கின்றன!

அது எப்படி நேர்ந்தது என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். 1868-இல் மெய்ஜி ஆட்சி தொடங்கி, ஜப்பான் மேல்நாட்டு முறையில் பள்ளிகளை அமைத்தபோது, பாட்டுப் பாடத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆசிரியப் பயிற்சி முறையைக் கற்றுவர இஸாவா ஷூஜி என்ற இளைஞரை 1875-இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அவர் பயின்ற ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எல்லாப் பாடங்களிலும் தேறினார்; மேல்நாட்டுச் சுரவரிசை மட்டும் அவர் தொண்டையில் ஏறவில்லை. பள்ளித் தலைவர் இரக்கப்பட்டு, "நீர் பாட்டு வகுப்புக்கு வரவேண்டாம்" என்ற பொருள்பட விலக்கு அளித்தார். அதைக் கேட்டு அந்த இளைஞர் நாள்கணக்கில் அழுததாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஜப்பானியப் பள்ளிப் பாட்டின் வரலாறே ஓர் ஆசிரியருடைய கண்ணீரில் தொடங்குகிறது என்று சொல்லலாம். அவர் விடவில்லை, பாஸ்டன் நகரத்தில் லூதர் மேசன் என்ற இசையாசிரியரைத் தேடிப்போய்க் கற்றார். நாடு திரும்பியபின் அந்த மேசனையே 1880-இல் டோக்கியோவுக்கு வரவழைத்துப் பள்ளிப் பாட்டுகளைத் தொகுக்கச் செய்தார்.

ஸ்காட்லாந்து நாட்டுப் பழைய மெட்டு ஒன்று, 1881-இல், மின்மினியின் ஒளியில் படித்த மாணவனைப் பாடும் ஜப்பானியப் பாட்டாயிற்று. ஸ்காட்லாந்தில் அது புத்தாண்டைக் கொண்டாடும் மெட்டு; ஜப்பானிலோ பள்ளியைவிட்டுப் பிரியும் நாளின் மெட்டு. அதன் ஒரு வடிவத்தை இன்றும் கடை அடைக்கும் நேரத்தில் ஒலிக்கவிடுகிறார்கள். இந்த மெட்டிலும், அக்காலத்தில் மாணவர் நாவில் எளிதில் படிந்த பல மெட்டுகளிலும், நான்காம் சுரமும் ஏழாம் சுரமும் இல்லை. மத்திமமும் நிஷாதமும் நீங்கிய அந்த ஐந்து சுரங்கள்தாம் நமக்கு மோகனம். நாலும் ஏழும் நீங்கியது என்ற பொருளில் அதை 'யோனாநுக்கி' என்கிறார்கள்.

அந்த மோகனத்தில் அமைந்ததுதான் 'செந்தும்பி' என்ற பாட்டு. மிக்கி ரொஃபூ என்ற கவிஞர் 1921-இல் எழுதினார். யமாடா கோசாக்கு 1927-இல் மெட்டமைத்தார். மாலை வெயிலில் செந்தட்டான்கள் பறக்கின்றன. அவற்றை யாரோ ஒருத்தியின் முதுகில் இருந்தபடி பார்த்த நினைவு. அவ்வளவுதான் பாட்டு. ஆனால் அந்த முதுகு தாயின் முதுகன்று. கவிஞர் சிறுவராக இருந்தபோதே பெற்றோர் பிரிந்து, தாய் வீட்டைவிட்டுப் போய்விட்டார். குழந்தையைச் சுமந்தவள் வேலைக்கு வந்த ஒரு சிறுமி. அவளும் பதினைந்து வயதில் மணமாகிப் போய்விட்டாள். பிறகு ஊரிலிருந்து கடிதமும் நின்றுபோயிற்று. இதை எழுதியபோது கவிஞர் வடகோடியான ஹொக்கைடோ தீவில் ஒரு கிறித்தவத் துறவியர் மடத்தில் ஆசிரியராக இருந்தார். என் மாணவன் அனுப்பிய ஒலிப்பதிவைப் பக்கத்து வீட்டு வாய்ப்பாட்டு ஆசிரியை கேட்டுவிட்டு, "மோகனந்தானே ஐயா, குழந்தைகளுக்கு நல்ல பாட்டு" என்றார். பொருளைச் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை; இன்னொரு முறை போடச் சொன்னார்.

'ஃபுருசாத்தோ', அதாவது 'பிறந்த ஊர்' என்பது 1914-இல் அரசுப் பாடநூலில் வெளியான பாட்டு. எழுதியவர் தக்கானோ தத்சுயுக்கி. மெட்டமைத்தவர் மாதாகோயிலில் இசைப்பெட்டி வாசித்த ஒக்கானோ தெயிச்சி. முயல் துரத்திய குன்றையும் மீன் பிடித்த ஆற்றையும் நினைத்துப் பார்ப்பதும், வாழ்வில் எண்ணியதை முடித்து ஒருநாள் ஊர் திரும்புவேன் என்பதுமே அதன் கருத்து. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பித்தார்கள். ஊரைவிட்டே போகாத பிள்ளைகளுக்கு ஊர் நினைவு என்ன விளங்கும்? விளங்கும் காலம் பின்னால் வந்தது. 1954 முதல் 1975 வரை, ஆண்டுதோறும் இளவேனிலில், வடகிழக்கு மாவட்டங்களிலிருந்து தனிப் புகைவண்டிகள் டோக்கியோவின் உவேனோ நிலையத்துக்கு வந்தன. அவற்றில் நிறைந்திருந்தவர்கள் நடுநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகள். ஆலைகளிலும் கடைகளிலும் வேலைக்கு வந்தவர்கள். முதலாளிகள் அவர்களைப் 'பொன் முட்டைகள்' என்று அழைத்தார்கள். முட்டையை அழைக்கும் பெயரா அது, பிள்ளையை அழைக்கும் பெயரா என்று எனக்குத் தோன்றும். 1964-இல் இஸாவா ஹச்சிரோ என்பவர் உவேனோ நிலையத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். அவரும் அந்த வடகோடியிலிருந்து வந்தவரே. அந்தப் பிள்ளைகள் கிழவர்களான பின்பு, 2003-இல், நிலையத்தின் முன்னே அப்பாட்டுக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 2011-ஆம் ஆண்டு மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அணு உலை விபத்தும் ஒருங்கே வந்து பலர் ஊரையே இழந்தபோது, தஞ்சமடைந்த இடங்களில் ஃபுருசாத்தோவைப் பாடினார்கள். அடுத்த மாதம் டோக்கியோவுக்கு வந்த பிளாசிடோ டொமிங்கோ என்ற ஸ்பெயின் நாட்டுப் பெரும்பாடகர் அதை ஜப்பானிய மொழியிலேயே பாடினார். அரங்கம் அழுதது. 1914-இல் அதை எழுதியவர் அணு உலையைக் கண்டாரா?

போர்க்காலத்துக்கு வருகிறேன். 1945-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் இரவு அமெரிக்க விமானங்கள் டோக்கியோவின் மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. ஓரிரவில் ஏறத்தாழ 1,00,000 பேர் மாண்டார்கள். அவர்களுள் நமிக்கி மிச்சிக்கோ என்ற இளம் பாடகியின் தாயும் இருந்தார். ஆகஸ்டில் போர் முடிந்தது. அக்டோபரில் வெளிவந்த 'இளங்காற்று' என்ற திரைப்படத்தில் அந்தப் பெண் பாடியது என்ன தெரியுமா? சிவந்த ஆப்பிள் பழத்தைப் பற்றிய ஒரு குதூகலப் பாட்டு! மெட்டமைத்தவர் இன்னும் களிப்போடு பாடு, இன்னும் களிப்போடு பாடு என்று அவரைத் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னாராம். சாம்பல் மேட்டில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த மக்கள் அந்தக் களிப்பைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். இதைப் படித்தபின் சோக இராகம், மகிழ்ச்சி இராகம் என்ற என் பாகுபாடு எனக்கே பயன்படாமற் போயிற்று.

போர் முடிந்ததும் எல்லாரும் வீடு திரும்பிவிடவில்லை. மஞ்சூரியாவிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த ஜப்பானியப் படைவீரர் சுமார் 6,00,000 பேரைச் சோவியத் படை சிறைபிடித்துச் சைபீரியாவுக்கும் பிற பகுதிகளுக்கும் கொண்டுபோயிற்று. மரம் வெட்டவும் இருப்புப்பாதை போடவும் அவர்களை வேலை வாங்கினார்கள். பனியிலும் பட்டினியிலும் நோயிலும் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே மடிந்தார்கள். அந்த முகாம்களில் ஒரு பாட்டு வாய்மொழியாகப் பரவியது. 'அந்நிய நாட்டுக் குன்று' என்பது அதன் பெயர். இயற்றியவர் யார் என்று பாடியவர்களுக்குத் தெரியாது.

ஜப்பானிய வானொலியில் 1946 ஜனவரியில் ஒரு நிகழ்ச்சி தொடங்கியிருந்தார்கள். பயிற்சியில்லாத பொதுமக்கள் யாரும் வந்து ஒலிபெருக்கியின் முன் பாடலாம். 'தொண்டைப் பெருமை' என்று அதற்குப் பெயர். 1948 ஆகஸ்டில், சைபீரியாவிலிருந்து திரும்பிய முன்னாள் வீரர் ஒருவர் அந்நிகழ்ச்சிக்கு வந்து இந்தப் பாட்டைப் பாடினார். நாட்டின் மூலை முடுக்குகளில் எத்தனை தாய்மார்கள், எத்தனை மனைவியர் அப்பொழுது வானொலிப் பெட்டியின் அருகே இருந்திருப்பார்கள்! தம் மக்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று அறியாதவர்களுக்கு, அவர்கள் அங்கே என்ன பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது முதன்முதலாகக் கேட்டது. சில வாரங்களில் அது இசைத்தட்டாக வந்தது. உண்மையான இசையமைப்பாளர் யோஷிதா தடாஷி என்ற படைவீரர். 1943-இல் படையில் இருந்தபோது வேறு சொற்களோடு அமைத்த மெட்டு அது. அவரும் சைபீரியாவில் கைதியாக இருந்து அதே ஆண்டுதான் நாடு திரும்பினார். வந்து பார்த்தால் தம் மெட்டு நாடெங்கும் ஒலிக்கிறது! அவர் பின்னாளில் புகழ்பெற்ற பாட்டுகள் பலவற்றை அமைத்தார்; 1998-இல் மறைந்தபின் அரசு மக்கள் பெருமை விருது அளித்தது. வானொலியில் பேசுகிறவன் வானொலியைப் புகழ்வது முறையன்று. ஆயினும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சைபீரியாவிலிருந்து வந்த கப்பல்கள் ஜப்பானின் மேற்குக் கடற்கரையிலுள்ள மைசுரு துறைமுகத்தை அடைந்தன. 1945 முதல் 1958 வரை, 13 ஆண்டுகளில், படைவீரரும் குடிமக்களுமாகச் சுமார் 6,60,000 பேர் அங்கே கரையிறங்கினார்கள். ஒவ்வொரு கப்பலும் வரும்போதெல்லாம் துறையில் பெண்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். பலர் கையில் மகனுடைய பெயரெழுதிய துணி. டோக்கியோவிலிருந்து ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் அங்கே வந்து வந்து நின்றார். அவரைக் கண்டே 1954-இல் 'துறைமுகத்துத் தாய்' என்ற பாட்டு எழுந்தது. கிக்குச்சி அக்கிக்கோ முதலில் பாடினார். 1970-களில் ஃபுத்தாபா யூரிக்கோ அதை மீண்டும் பாடியபோது நாடே உருகியது. அவர் 'ரோக்யோக்கு' என்ற கலையில் வந்தவர். நம் கதாகாலட்சேபத்தைப் போலப் பாட்டும் வசனமுமாகக் கதை சொல்லும் கலை அது. பாட்டின் நடுவே அவர் தாயாகவே மாறிப் பேசுவார். அந்தத் தாய் 1981-இல் இறந்தார். அவர் காத்திருந்த மகன் அதுவரை வரவேயில்லை.

இந்தப் பாட்டைக் கேட்டபோது என் கண்ணும் கலங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரலாறு கற்பித்தவனுக்கு அதோடு நின்றுவிட உரிமையில்லை. அந்தத் துறைமுகத்துத் தாயின் மகன் போய் நின்ற மண் அவனுடைய மண்ணன்று. ஜப்பானியப் படை சீனாவிலும் கொரியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் எத்தனையோ தாய்மாரை அழவைத்த படை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு இருப்புப்பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளர்களைப் பல்லாயிரக்கணக்கில் அது கொண்டுபோயிற்று. காட்டிலே வாந்திபேதியிலும் பசியிலும் அவர்கள் விழுந்தார்கள். அவர்களுடைய தாய்மார் போய் நிற்பதற்கு ஒரு துறைமுகமும் இல்லை. நாடறிந்த பாட்டும் இல்லை. மைசுருவின் கண்ணீர் பொய்யென்று நான் சொல்லவில்லை. இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பாட்டைக் கேட்கிறேன்.

இனிப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிறேன். எனக்குப் பழக்கமான இடம் அது. ஆசிரியரின் அருளை அண்ணாந்து போற்றும் பாட்டு ஒன்றை 1884-இல் ஜப்பானியப் பாடநூலில் சேர்த்தார்கள். மூன்று தலைமுறைகள் அதைப் பாடி அழுது பள்ளியைவிட்டுப் பிரிந்தன. அதன் மெட்டு எங்கிருந்து வந்தது என்பது 127 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1871-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாட்டுப் புத்தகம் ஒன்றிலிருந்து வந்தது என்பதை 2011-இல்தான் ஒரு பேராசிரியர் கண்டுபிடித்தார். 1954-இல் கினோஷித்தா கெய்சுகே இயக்கிய 'இருபத்து நான்கு கண்கள்' என்ற படத்தில் இந்தப் பாட்டு ஒலிக்கிறது. தீவு ஒன்றில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையின் கதை. அந்தப் பன்னிரண்டில் ஐந்து பேர் பையன்கள். அவர்களில் மூவர் போரில் மடிகிறார்கள். ஒருவன் கண்ணிழந்து திரும்புகிறான். ஆசிரியர்கள் யாரேனும் இதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் தனியாகப் பாருங்கள்.

போருக்குப் பின்பு, ஆசிரியரை இப்படித் தெய்வம்போல் போற்றுவதும், உலகில் உயர்ந்து பேர் எடு என்று மாணவனை ஏவுவதும் பழங்காலத்து எண்ணம் என்று பல பள்ளிகள் அந்தப் பாட்டைக் கைவிட்டன. அதன் இடத்துக்கு வந்த பாட்டின் கதைதான் என்னை இந்தப் பேச்சுக்கே தூண்டியது.

டோக்கியோவுக்கு வடமேற்கே, மலை சூழ்ந்த சிச்சிபு என்ற ஊரில் ககெமோரி நடுநிலைப் பள்ளி இருக்கிறது. 1988-இல் கொஜிமா நொபோரு என்பவர் அங்கே தலைமையாசிரியராக வந்தபோது மாணவர்களிடையே ஒழுங்கு குலைந்திருந்தது. நம்மில் பலர் அந்நிலையில் பிரம்பைத் தேடுவோம். அவர் பாட்டைத் தேடினார். பாட்டு நிறைந்த பள்ளியாக இதை ஆக்குவோம் என்றார். இளம் இசையாசிரியை சக்கமோட்டோ ஹிரோமி அவருக்குத் துணை நின்றார். மூன்றாண்டு உழைப்பில் பள்ளி மாறியது. 1991-இல், முடித்துச் செல்லும் மாணவர்களுக்கு நினைவாக ஏதேனும் செய்ய விரும்பிய அந்த ஆசிரியை, தலைமையாசிரியரிடம் சென்று ஒரு பாட்டு எழுதித் தரும்படி கேட்டார். எனக்கு அந்தத் திறமையில்லை என்று அவர் மறுத்துவிட்டார். மறுநாள் காலை ஆசிரியையின் மேசைமேல் ஒரு தாள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இசையறைக்குப் போனவருக்குக் கால்மணி நேரத்தில் மெட்டு அமைந்துவிட்டதாம். 'புறப்படும் நாளில்' என்பது பாட்டின் தலைப்பு. பிரிவு உபசார விழாவில், மாணவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல், ஆசிரியர்கள் எல்லாரும் மேடையேறி அதைப் பாடினார்கள். மாணவர் ஆசிரியரைப் போற்றிய பழம்பாட்டு நூறாண்டுக்குப் பின் திரும்பி, ஆசிரியர் மாணவரை வாழ்த்தும் பாட்டாக நின்றது. அந்த ஒரு நாளுக்கென்றே செய்த பாட்டு; மறுபடி பாடும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. கொஜிமாவும் அந்த ஆண்டோடு பணியிலிருந்து ஓய்வுபெற்றார். ஆனால் அடுத்த ஆண்டு மாணவர்களே அதைப் பாடினார்கள். இசைக்கல்வி இதழ் ஒன்றில் அச்சேறி மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது. இன்று மார்ச் மாதத்தில் ஜப்பானியப் பள்ளிகளில் பிரிவின்போது மிகுதியாகப் பாடப்படும் பாட்டுகளுள் அது ஒன்று. கொஜிமா 2011-இல் மறைந்தார்.

என் மாணவன் தன் மகளின் பள்ளி நிறைவு விழாவில் இதைக் கேட்டுவிட்டுத்தான் எனக்கு எழுதினான். அங்கே பிள்ளைகளும் அழுதார்கள், பெற்றோரும் அழுதார்கள், ஆசிரியர்களும் அழுதார்கள், யாரும் யாரையும் தடுக்கவில்லை என்று எழுதியிருந்தான். அதைப் படித்தபோது எனக்கு 2001-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அப்போது நான் வரலாற்று ஆசிரியன். பன்னிரண்டாம் வகுப்பின் பிரிவு விழாப் பொறுப்பு என்னிடம் இருந்தது. விழா முடிந்தபின் சில மாணவர்கள் வேப்பமரத்தடியில் நின்று விம்மிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இவனும் ஒருவன். "ஆண்பிள்ளைகள் அழலாமா? நேரத்தை வீணாக்காமல் வீட்டுக்குப் போய்ப் பொதுத்தேர்வுக்குப் படியுங்கள்" என்று அதட்டி அனுப்பினேன். தலைமையாசிரியரான பின்னும் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதையே சொல்லிவந்தேன்.

அவன் அதைப்பற்றிக் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பான் என்று நினைக்கிறேன். முடிவில் ஒரு கேள்வி மட்டும் கேட்டிருந்தான்: "ஐயா, நம் பள்ளியில் அன்றைக்கு நாங்கள் கடைசியாக என்ன பாட்டுப் பாடினோம்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை."

நானும் யோசித்துப் பார்த்தேன். அந்த ஆண்டின் விழா நிகழ்ச்சிநிரல் என் பழைய கோப்புகளுக்கிடையே அகப்பட்டது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரைகள், நன்றியுரை, நாட்டுப்பண். மாணவர்கள் பாடுவதற்கென்று தனியாக ஒன்றும் வைத்திருக்கவில்லை. நிரலின் அடியில் என் கையெழுத்து இருந்தது. அதை அப்படியே அவனுக்கு எழுதி அனுப்பினேன்.